இதழுடைமையும் புதின அமைப்பும்: வை. மு. கோதைநாயகி அம்மையாரை மதிப்பிடும் முறை

தமிழ்ப் புதின வரலாற்றை எழுதப் புகுந்தோர் அனைவரும் ஓரிடத்தில் வை. மு. கோதைநாயகி அம்மையாரின் பெயரைக் குறிக்கின்றனர். குறித்த அளவிலே மேற்செல்கின்றனர். பிரதாப முதலியார் சரித்திரம், கமலாம்பாள் சரித்திரம், பத்மாவதி சரித்திரம் ஆகிய மூன்றனையும் விரித்துரைப்பர். பின்னர், ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரைத் துப்பறியும் கதையாசிரியர் என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடக்குவர். அவ்வரிசையின் ஈற்றில், பெண் எழுத்தாளர் என்னும் அடைமொழியோடு அம்மையாரை நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. 115 புதினங்கள் எழுதினார் என்னும் எண்ணிக்கை வியப்போடு கூறப்படும். அவை காலத்தை வென்று நில்லா என்னும் தீர்ப்பு அடுத்த தொடரிலேயே வந்துவிடும். வியப்புக்கும் தீர்ப்புக்கும் இடையே கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. அத்துணைப் பெரிய எண்ணிக்கை எவ்வாறு உண்டாயிற்று, யாருடைய தேவைக்காக உண்டாயிற்று என்பதே அது. இவ்வினாவை எழுப்பாத திறனாய்வு அம்மையாரைப் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் இலக்குத் தவறியதே ஆகும்.

நம் கருத்து இது: கோதைநாயகி அம்மையார் புதினம் எழுதிப் புகழ் பெற்று, அப்புகழின் துணையால் இதழ் நடத்தியவர் அல்லர். அவருடைய முதற்புதினமாகிய வைதேகியும், அவர் ஏற்று நடத்திய ஜகன்மோகினி என்னும் திங்களிதழும் 1925-ஆம் ஆண்டிலேயே ஒருங்கு வெளிப்பட்டன. அவர் எழுத்தாளராக வளர்ந்ததும் இதழின் உரிமையாளராக வளர்ந்ததும் ஒரே வளர்ச்சியின் கூறுகள். ஆகவே அச்சும் காகிதமும் சந்தாவும் அஞ்சலும் சேர்ந்த தொழிலுலகில் ஒரு பெண் தலைமை பூண்டது எவ்வாறு என்பதை அறியாமல் அவருடைய புதினங்களின் அமைப்பை விளக்க இயலாது. அத்தலைமைக்கு அவர் கொடுக்க நேர்ந்த விலை யாது என்பதை அறியாமல் அவற்றின் குறையையும் செம்மையாகச் சொல்ல இயலாது.

வாழ்க்கைச் செய்திகளை நாம் சுருக்கியே கூறுவோம். அம்மையார் 1901-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பிறந்தார், குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார், ஆறு வயது நிறையுமுன் மணம் செய்விக்கப்பெற்றார், பள்ளிக்குச் சென்றாரல்லர். அவர் புகுந்த குடி தமிழ் மாணாக்கர் அனைவரும் அறிந்த குடியாகும். வை. மு. என்பது வைத்தமாநிதி முடும்பை என்பதன் சுருக்கம். கம்பராமாயணத்தைப் பாடமாகப் பயின்றோருள் வை. மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியாரின் உரையைத் தொடாமல் தேர்வு எழுதியவர் அரியர். ஒரே தலைப்பெழுத்துகளைத் தாங்கிய இருவருள் ஒருவருடைய நூல் வகுப்பறை மேசைமீது அமர்ந்தது. மற்றவருடைய நூல்கள் வீட்டுப் பரணில் ஏறின. நம் இலக்கிய வரலாறு செய்த குறும்புகளுள் இதுவும் ஒன்று.

அம்மையாரின் கணவர் வை. மு. பார்த்தசாரதி நாடக விருப்பம் உடையவர். மனைவியையும் நாடகங்களுக்கு அழைத்துச் செல்லும் வழக்கமுடையவர். பார்த்த நாடகங்களே அம்மையாருக்குப் பள்ளியாயின. தாமும் ஒரு நாடகம் இயற்ற விரும்பினார். கதை உள்ளத்தில் இருந்தது. கையோ எழுதப் பழகவில்லை. ஆதலின் அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். 1924-இல் வெளிவந்த இந்திரமோகனா இவ்வாறு பிறந்தது. தம் முதல் நூலை எழுதுகோல் பிடியாமலே இயற்றிய ஒருவர், அடுத்த ஆண்டே ஒரு திங்களிதழின் பொறுப்பை ஏற்றார் என்னும் இச்செய்தியைப் பலரும் ஓர் அதிசயமாகக் கூறிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். இதனை அதிசயமாகக் கொள்ளாமல் சான்றாகக் கொள்வதே திறனாய்வாளரின் கடன். எதற்குச் சான்று என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

ஜகன்மோகினி அம்மையார் தோற்றுவித்த இதழ் அன்று. முன்னரே நடைபெற்று, நின்று போயிருந்த இதழ் அது. அதனைத் தம் பொறுப்பில் ஏற்றுத் தம் கதையைக் கொண்டே அதனை மீண்டும் எழச் செய்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1928-இல், எஸ். எஸ். வாசன் இதனையொத்த செயலைச் செய்தார். பூதூர் வைத்தியநாத ஐயர் 1926-இல் தொடங்கிய ஆனந்த விகடனை, அது தளர்ந்திருந்த நிலையில் வாங்கினார். பெயரிலுள்ள எழுத்து ஒன்றுக்கு 25 ரூபா வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபா விலை பேசினார் என்னும் செய்தி இன்றும் சுவையோடு வழங்கி வருகின்றது. தமிழ் இதழியல் வரலாற்றில் வாசனின் அச்செயல் தொழிற்கூர்மைக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்படுகின்றது. அம்மையாரின் செயலைக் குறிக்கும்போதோ, ஆர்வம், துணிவு, கணவரின் ஊக்கம் என்னும் சொற்கள் வருகின்றன. வாசன் பின்னாளில் எய்திய வெற்றியின் அளவு வேறு. ஜகன்மோகினி அவ்வளவு பரவிற்று என நாம் கூறவில்லை. செயலின் தன்மை ஒன்றாயிருக்க, அதனைச் சுட்டும் சொல் ஏன் மாறுகின்றது என்பதே நம் வினா. ஆடவர் செய்தால் தொழில் எனவும் பெண்டிர் செய்தால் ஆர்வம் எனவும் பெயரிடும் பழக்கம் உலகியலில் உண்டு. அது வரலாற்று நூல்களிலும் புகுந்துவிட்டது.

கணவரின் துணை பற்றி இங்கே ஒரு சொல். பார்த்தசாரதியின் துணை மெய்யே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. அக்காலத்தில் கணவரின் இசைவின்றி ஒரு பெண் இதழ் நடத்தியிருத்தல் அரிதினும் அரிது. ஆயினும் துணை இருந்தமையால் செயல் பிறருடையதாகிவிடுமோ? 1941-இல் கல்கி இதழ் தொடங்கப்பெற்றது. அதன் முதலுக்காகவே எம். எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி என்னும் திரைப்படத்தில் நாரதராக நடித்தார் என்பது யாவரும் அறிந்தது. ஒரு பெண்ணின் ஊதியத்தால் எழுந்த இதழ் அது. எனினும் அதனால் கல்கி இதழில் கல்கியின் பங்கும் சதாசிவத்தின் பங்கும் குறைந்தன என்று எவரும் எழுதியதில்லை, எழுதவும் வேண்டுவதில்லை. அதே நேர்மையைக் கோதைநாயகி அம்மையாருக்கும் வழங்குதல் வேண்டும் என்பதே நாம் கேட்பது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. அம்மையாரைப் போற்ற விரும்புவோர் அவரைத் தமிழின் முதற்பெண் இதழாசிரியர் என எழுதிவிடுகின்றனர். இது பொருந்தாது. பண்டிதை விசாலாட்சி அம்மையார் 1909-இலேயே ஹிதகாரிணி என்னும் இதழைத் தொடங்கினார். வி. பாலம்மாள் 1924-இல் சிந்தாமணியைத் தொடங்கினார். பெண்களுக்கென ஆடவர் நடத்திய இதழ்களும் முன்னரே இருந்தன. 1905-இல் தோன்றிய சக்கரவர்த்தினிக்குப் பாரதியார் ஆசிரியராயிருந்தார். முதன்மையைத் தேடி அலையும் நம் ஆராய்ச்சிப் போக்கு ஒரு நோயாக வளர்ந்துவிட்டது. முதலில் செய்தவர் யார் என்பதை நிறுவியவுடன் ஆராய்ச்சி முடிந்ததாகக் கருதுகின்றோம். கோதைநாயகி அம்மையாரின் தனிச்சிறப்பு தொடக்கத்தில் இல்லை, நீடிப்பில் இருக்கின்றது. முப்பது ஆண்டுகட்குமேல் ஓர் இதழ் இடையறாது வாசகர் இல்லத்தை அடைந்ததே அவர் செய்த செயல். மணிக்கொடி 1933-இல் தொடங்கி எத்தனை இடர்ப்பட்டு எவ்வளவு விரைவில் மறைந்தது என்பதை நினைத்துப் பார்ப்போர்க்கு இதன் அருமை விளங்கும்.

நீடிப்பு என்பது சொல்லளவில் எளிது. அச்சுத்தொழில் அக்காலத்தில் ஆடவர் உலகமாகவே இருந்தது. எழுத்துக் கோப்போர், பொறி ஓட்டுவோர், காகித வணிகர், கட்டடம் செய்வோர், வெளியூர் முகவர் என எவரை எடுத்துக்கொண்டாலும் ஆடவரே. திங்கள்தோறும் குறித்த நாளில் இதழ் வெளிவர வேண்டும், மெய்ப்பு வரக் காத்திருக்க வேண்டும், சந்தா முடிந்தவர்க்கு நினைவூட்ட வேண்டும், வி. பி. அஞ்சலில் விடுத்த இதழை வாசகர் பெறாமல் திருப்பினால் அஞ்சற்செலவையும் தாங்க வேண்டும். முகவரிடம் நிலுவையைத் தண்ட வேண்டும். கதை எழுதுவோர் தம் உள்ளம் எழும்போது எழுதலாம். இதழ் உடையோர்க்கு அவ்வுரிமை இல்லை. அம்மையார் பின்னர்த் தமக்கென அச்சகமும் அமைத்துக்கொண்டார். அச்சகம் உடைமையாவது பெருமை மட்டுமன்று; பொறி ஓயாதிருக்கப் பணி கொடுக்கும் கடமையும் அதனோடு வருகின்றது.

இங்கேதான் 115 என்னும் எண்ணுக்கு விளக்கம் கிடைக்கின்றது. முப்பது ஆண்டுகட்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 115 புதினங்கள் எனின், ஆண்டொன்றுக்கு மூன்று அல்லது நான்கு ஆகின்றன. இஃது உள்ளக்கிளர்ச்சியின் வேகம் அன்று, திங்களிதழின் வேகம். அக்கால இதழ்களுக்குக் கதையே உயிர். ஆனந்தபோதினி ஆரணி குப்புசாமி முதலியாரின் கதைகளால் பரவிற்று; வடுவூரார் தம் புதினங்களைத் தாமே மனோரஞ்சனி வாயிலாக வெளியிட்டார். ஆகவே இதழும் கதையும் ஒருவர் கையில் இருத்தல் அம்மையாரின் புதுமை அன்று. அத்தொழிலில் முன்பே வெற்றி கண்டிருந்த முறையை அவர் அறிந்து கைக்கொண்டார். வைதேகி துப்பறியும் கதையாக அமைந்ததற்கும் இதுவே காரணமாகலாம். புதிதாகத் தொழிலில் புகுந்தவர், விலைபோகும் சரக்கைக் கொண்டு கடை திறந்தார். இவ்வாறு கூறுவது இழிவு என்று எண்ணுவோர், கமலாம்பாள் சரித்திரமும் விவேகசிந்தாமணியில் தொடராக வந்ததே என்பதை மறந்தோராவர்.

இனி அமைப்பை நோக்குவோம். அம்மையாரின் புதினங்களில் உரையாடல் மிகுதி, வருணனை குறைவு, பாத்திரங்கள் தம் உள்ளத்தை வாய்விட்டே பேசுகின்றன என்பது திறனாய்வாளர் பலரும் சாட்டும் குறை. குறை என்பதற்குமுன் காரணம் காணல் முறை. 1921-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியப் பெண்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு இருவரினும் குறைவு. சென்னை நகரத்தில் இவ்வளவு சற்று மிக்கிருக்கும். எனினும் வீட்டில் வாழும் பெண்டிரை நோக்கிய ஓர் இதழ், படிக்கத் தெரிந்தவரை மட்டும் நம்பி முப்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்க முடியுமா? ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் வழக்கம் அக்கால வீடுகளில் நிலவியது. பாரதக் கதையும் இராமாயணமும் அவ்வாறே கேட்கப்பெற்றன. கேட்பார்க்கு வருணனை களைப்பூட்டும், பேச்சு விளங்கும். இன்னார் பேசுகின்றார் என்பதைப் படிப்பவரின் குரலே வேறுபடுத்திக் காட்டும். பாத்திரம் தன் துயரை உரக்கக் கூறினாலன்றிக் கேட்பவர் அதனை அறியார்.

நாம் முன்னர்ச் சான்று என்று குறித்தது இதனையே. வாயால் சொல்லித் தோழியின் கையால் எழுதுவித்த நாடகமே அம்மையாரின் தொடக்கம். செவியால் கேட்பார்க்கு வாயால் சொல்லும் முறை அவருக்கு இயல்பாய் அமைந்தது. எழுத்தறிவில் பிந்தியிருந்தமை அவருக்குத் தடையாயிற்று என்று இரங்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. தம் வாசகரின் நிலையைத் தம் வாழ்விலேயே கண்டிருந்தவர் அவர். அச்சுத்தொழிலில் அவரோடு போட்டியிட்ட ஆடவருள் எவருக்கும் இவ்வறிவு அவ்வளவு அணுக்கமாக வாய்க்கவில்லை. கல்வி மிக்க ஆசிரியர்கள் வாசகருக்காக நடையை எளிமையாக்கிக்கொண்டு இறங்கி வந்தனர். அம்மையாருக்கு இறங்க வேண்டிய படியே இருக்கவில்லை.

அவருடைய மேடைப்பேச்சையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். காந்தியடிகளைக் கண்டபின் கதராடை பூண்டு பேராயக் கட்சி மேடைகளில் பேசினார், இசைப்பயிற்சியும் உடையவர். பெருங்கூட்டத்தின் முன் நின்று பேசிப் பழகிய குரலே புதினத்திலும் ஒலிக்கின்றது. இக்குரல் சிலவிடங்களில் நம்மைச் சலிப்படையச் செய்கின்றது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. கதை ஓடிக்கொண்டிருக்கும்போது அறவுரை குறுக்கிட்டு நிற்றலும், நல்லோர் முற்றும் நல்லோராகவும் தீயோர் இறுதி இயலில் திருந்துவோராகவும் அமைதலும், பிரிந்தோர் தற்செயலாகச் சந்தித்தலும் கலைக்குறைகளே. செவிக்கென எழுதப்பெற்றது என்னும் விளக்கம் உரையாடலின் மிகுதியைக் காக்கும், தற்செயலைக் காக்காது. அம்மையாருக்காக வாதாடப் புகுந்தோருள் சிலர் அனைத்துக்கும் ஒரே கவசத்தை அணிவிக்க முயல்கின்றனர். அம்முயற்சி அவருக்கு நன்மை செய்யாது.

தலைப்புகளையும் ஒருமுறை பார்த்தல் நன்று. கௌரிமுகுந்தன், பரிமளகேசவன் என்றாற்போல் பெண்பெயரையும் ஆண்பெயரையும் பிணைத்தாற்போன்ற பெயர்கள் ஒருபுறம். சோதனையின் கொடுமை, புத்தியே புதையல், படாடோபத்தின் பரிபவம் என அறத்தை அறிவிக்கும் பெயர்கள் மற்றொருபுறம். முதல்வகை இல்லறக் கதையை எதிர்பார்க்கச் செய்கின்றது. இரண்டாம்வகை, இக்கதையை மகளிர் படித்தால் கெடுதி இல்லை என வீட்டுத் தலைவருக்கு உறுதி கூறுகின்றது. ஏன் அவ்வுறுதி வேண்டப்பட்டது என்பது ஆராயத்தக்கது.

சந்தா செலுத்தியவர் யார் என்று கேட்டால் விடை தோன்றும். இதழைப் படித்தவரும் கேட்டவரும் பெண்டிர். ஆனால் பணம் கொடுத்தவர் பெரும்பாலும் தந்தையோ கணவரோ ஆவர். நாவல் படித்தால் பெண்டிர் கெடுவர் என்னும் பேச்சு பலமாயிருந்த காலம் அது. பெண்ணொருத்தி நாவல் எழுதி அதனை விற்கவும் செய்கின்றாள் என்றால் ஏச்சும் எள்ளலும் எவ்வளவு எழுந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இந்நிலையில் வாசலைக் கடந்து உள்ளே செல்ல வேண்டிய இதழ், வாசலில் இருப்பவருக்கு அச்சமூட்டக் கூடாது. கைம்பெண் துயரையும் பால்ய மணத்தின் கேட்டையும் அம்மையார் எழுதினார். சீர்திருத்த நோக்கம் அவர் எழுத்தில் ஐயத்துக்கு இடமின்றிக் காணப்படுகின்றது. ஆயினும் பெரும்பாலான கதைகளின் களம் இல்லமே. தலைவியின் பெருமை பொறுமையே. முடிவு, சிதைந்த குடும்பம் மீண்டும் கூடுதலே.

அம்மையாரின் வாழ்க்கையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதழை வாங்கினார், அச்சகம் நடத்தினார், மேடையில் பேசினார், 1930-களின் தொடக்கத்தில் மறியலில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார், சிறையிலும் கதை எழுதினார், அப்போதும் இதழ் நிற்கவில்லை. இத்தகைய பெண்ணொருத்தி தம் புதினங்களின் மையத்தில் தம்மைப் போன்ற ஒருத்தியை நிறுத்தக் காணோம். தொழில் நடத்தும் பெண்ணின் அன்றாடம், கணக்கு, அவமதிப்பு, வெற்றி, தனிமை இவற்றை அக்காலத் தமிழகத்தில் அவரினும் அறிந்தவர் எவரும் இருந்திருக்க முடியாது. அவ்வறிவு அவர் எழுத்தில் விளையவில்லை. நம் கருத்தில் அம்மையாரின் புதினங்களுக்குரிய மெய்யான குறை இதுவே. உரையாடல் மிகுதியும் மணிப்பிரவாள நடையும் இதன்முன் சிறியன.

இக்குறையைத் திறமையின்மை என்று கூறுவது எளிது. நாம் அதனை அவர் கொடுத்த விலை என்று கூறுவோம். தலைமையை நிலைநிறுத்திய இதழ், அத்தலைமையைப் பற்றி எழுதும் வாயிலை அடைத்தது. இல்லத்தை விட்டு வெளியேறிய தலைவியைப் படைத்திருந்தால் இல்லத்துக்குள் இதழ் நுழைந்திராது. இதழ் நுழையாதிருந்தால் அம்மையாரும் வெளியேறியிருக்க முடியாது. இம்முரண் அவருடைய புதினங்கள் எழுந்த அடித்தளம். அவருக்கு முன் இவ்விக்கட்டை இத்துணைப் பெரிய அளவில் எதிர்கொண்ட தமிழ் எழுத்தாளர் இலர். கருத்தில் அவரினும் துணிந்து எழுதிய பெண்டிர் இருந்தனர். அவர்கள் பிறர் நடத்திய இதழ்களில் எழுதினர். பிறர் இதழில் எழுதுவோர்க்கு ஒரு கட்டுரை தள்ளப்படலாம் என்பதே இடர். தம் இதழில் எழுதுவோர்க்கோ அச்சகத்தில் பணிபுரிவோரின் கூலியே இடரில் இருக்கின்றது.

மணிக்கொடிக் காலத்து எழுத்தாளர் வகுத்த அளவுகோலைக் கொண்டே நாம் இன்றும் புதினங்களை அளக்கின்றோம். அவ்வளவுகோல் உயர்ந்தது, அதனைத் தள்ளிவிட வேண்டும் என நாம் கூறவில்லை. ஆனால் அது வாசகர் தொகையை ஐயத்தோடு நோக்கும் அளவுகோல். பலர் படித்தனர் எனின் தாழ்ந்தது என்று கொள்ளும் சாய்வு அதில் உண்டு. புதுமைப்பித்தனின் வறுமையை இலக்கியத்துக்குச் செய்த தியாகமாகப் போற்றும் நாம், இதழ் நடத்தி அதனால் வாழ்ந்தவரின் உழைப்பை வணிகம் என்று ஒதுக்குகின்றோம். ஓர் ஆடவர் விற்பனையில் தோற்றால் கலைஞர், ஒரு பெண் விற்பனையில் வென்றால் கதைக்காரி என்னும் கணக்கு நடுவுநிலைமை உடையதாகத் தோன்றவில்லை.

1942-இல் சென்னைக்குப் போரச்சம் வந்தது. மக்கள் பலர் நகரை விட்டகன்றனர். காகிதம் கிடைப்பது அரிதாயிற்று. பல இதழ்கள் பக்கத்தைக் குறைத்தன, சில நின்றன. ஜகன்மோகினி அக்காலத்தையும் கடந்தது. அதனினும் வலிய ஒரு மாற்றம் அதற்குமுன்பே தொடங்கியிருந்தது. ஆனந்த விகடனும் அதன்பின் கல்கியும் கிழமைதோறும் நகைச்சுவை, படம், தொடர்கதை ஆகியவற்றைக் கொண்டு வந்தன. ஒருவரே எழுதி ஒருவரே நடத்தும் திங்களிதழ், பலர் கூடி நடத்தும் கிழமையிதழின் முன் நிற்றல் கடினம். 1930-களில் ராஜமோகன், அனாதைப்பெண் ஆகிய கதைகள் திரைப்படமாயின. அப்புகழும் அவர் இதழுக்குச் சிறிது காலம் துணை செய்திருக்கலாம். 1956-இல் அம்மையார் தம் ஒரே மகனை இழந்தார். அதன்பின் அவர் உடலும் இதழும் ஒருங்கே தளர்ந்தன. 1960 பிப்ரவரியில் மறைந்தார்.

அவர் மறைந்து ஆறாண்டுகள் கழித்து, தயாநிதி என்னும் அவருடைய புதினம் கே. எஸ். கோபாலகிருஷ்ணனின் இயக்கத்தில் சித்தி என்னும் பெயரோடு திரைப்படமாயிற்று. தம்பியின் படிப்புக்காகத் தன் வாழ்வை ஈடுவைத்து, பிள்ளைகள் பலருள்ள முதியவர் ஒருவருக்கு இரண்டாந்தாரமாகும் பெண்ணின் கதை அது. படத்தைக் கண்டோர், தலைவி கண்ணீர் வடிக்கும் இடங்களை நினைவிற் கொள்வர். நாம் நினைவிற் கொள்வது வேறு. புகுந்த வீட்டின் குழப்பத்தை அவள் மெல்லமெல்லத் தன் ஆட்சிக்குக் கொண்டுவருகின்றாள். யார்க்கு எதனை எப்போது கொடுப்பது என்பதை அறிந்து வீட்டை நடத்துகின்றாள். பொறுமை என்னும் போர்வையின்கீழ் ஆட்சித்திறம் ஒன்று இயங்குவதைத் திரைக்கதையிலேனும் காண்கின்றோம். தொழில் நடத்திய அனுபவம் புதினங்களில் விளையவில்லை என மேலே கூறினோம். வேற்றுரு எடுத்து ஒளிந்திருக்குமோ என்னும் ஐயம் இக்கதையைக் கருதும்போது எழுகின்றது. புதினங்களைத் தலைவியின் துயருக்காகப் படிக்காமல், அவள் வீட்டின் வரவுசெலவையும் ஏவலாளரையும் சுற்றத்தாரையும் எவ்வாறு கையாள்கின்றாள் என்பதற்காகப் படித்தால், இவ்வையம் தெளியக்கூடும். மேற்பட்டப்படிப்பு மாணாக்கர் ஒருவர் எடுத்துச் செய்தற்கு உரிய ஆய்வு இது.

அவ்வாய்வுக்குப் புதினங்கள் மட்டும் போதா. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்துக் கட்டடம் செய்து வைத்துக்கொண்டு எஞ்சியதைப் பழைய காகிதக் கடைக்கு அனுப்புவது தமிழ் வீடுகளின் பழைய வழக்கம். கதையை மட்டும் இலக்கியமாகக் கொள்ளும் நம் ஆராய்ச்சியும் அதனையே செய்கின்றது. சந்தா அறிவிப்பு, முகவருக்கு எச்சரிக்கை, இதழ் தாமதமானதற்குக் கூறும் காரணம், வாசகியர் கடிதம், விளம்பரம் ஆகியன இருந்த பக்கங்களே கோதைநாயகி அம்மையார் தலைவராகப் பேசிய பக்கங்கள். புதினத்தில் தலைவியின் வாயால் பேசியவர், அங்கே தம் பெயரால் பேசினார். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் மறைமலையடிகள் நூலகமும் பழைய இதழ்களைத் தொகுத்துக் காத்து வருகின்றன. இவ்வகை நூலகங்களில் எஞ்சியுள்ள ஜகன்மோகினி இதழ்களை முன்னட்டை முதல் பின்னட்டை வரை, திங்கள் வரிசையில், கதையல்லாத பக்கங்களைத் தனியே குறித்துப் பட்டியலிடுதல் முதற்பணி. காகிதம் மிக நைந்துள்ளது. இப்பணிக்கு உள்ள காலம் குறுகியது.